குற்றம் சொல்லாத வேலைநீக்கம்

இராகலைக்கு இப்போது ரயில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. பெரிய பாதையிலிருந்து நானுஓயாவில் பிரிந்து, நுவரெலியாவையும் கந்தப்பளையையும் கடந்து, வலப்பனைப் பகுதியின் இராகலை வரை இரண்டரை அடி அகலத்தில் ஒரு குறும்பாதை 1904இல் போய்ச் சேர்ந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்கவும் அரிசியையும் உரத்தையும் மேலே ஏற்றவும் போட்ட பாதை அது. லொறிகள் பெருகியபின் அதற்கு வேலை குறைந்தது. 1940களில் மூடிவிட்டார்கள்.

ரயில் பாதைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சுரங்கங்களையும் பாலங்களையும் கணக்கெடுக்கிறார்கள். திறந்துவைத்த ஆளுநர்களின் பெயர்களைச் சொல்கிறார்கள். அந்தப் பாதைகளில் உழைத்தவர்கள் எப்படி வேலையை விட்டு அனுப்பப்பட்டார்கள் என்ற செய்தி அந்தப் பக்கங்களில் அரிதாகவே கிடைக்கும். இலங்கை ரயில்வேயையும் பிற அரச திணைக்களங்களையும் சேர்ந்த ஊழியர்களை அரசு கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிய இரண்டு சந்தர்ப்பங்களை இங்கே பார்க்கப் போகிறோம். ஒன்று 1939இல் நடந்தது, மற்றது 1980இல். முதலாவதிலிருந்து மலையகத் தமிழரின் அரசியல் அமைப்பு பிறந்தது. இரண்டாவதில் அதே அமைப்பின் வாரிசு ஒதுங்கி நின்றது. நாற்பத்தொரு ஆண்டு இடைவெளியில் நடந்த இவ்விரண்டிலும் ஊழியரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படவே இல்லை: “உன் மேல் உள்ள குற்றம் இது. நீ என்ன சொல்கிறாய்?”

பேர் போடுவதும் பேர் வெட்டுவதும்

மலையகத்தில் வேலை என்பதை ‘பேர்’ என்ற சொல்லால் அளந்தார்கள். காலையில் பிரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய் நின்றால், கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பேர் போடுவார். அன்றைய கொழுந்து குறைந்தால் அரைப் பேர். தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஆகாத வார்த்தை பேசிவிட்டால் பேர் வெட்டு. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலையை மாதக் கணக்கில் வைத்தது. மாதம் முடிந்ததும் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தால் முடிந்துபோகும். அந்த முன்னறிவித்தலுக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் துரைக்கு இல்லை. வேலை முடிந்தது என்ற ‘பற்றுச்சீட்டு’ கையில் வந்துவிட்டால், தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவையும் காலி செய்ய வேண்டும். வேலை, வீடு, பிள்ளைகளின் தோட்டப் பள்ளிக்கூடம், வாசலில் போட்ட மரக்கறிப் பாத்தி எல்லாம் ஒரே சீட்டில் போய்விடும்.

ரயில் பாதையில் வேலை செய்த நாட்கூலிகளின் நிலையும் இதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. மலைப்பாதையில் ஒரு கேங்கின் காலையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன்பே மூடுபனிக்குள் சுத்தியலும் திருகியும் தோளில் கிடக்க, தங்களுக்கென்று ஒதுக்கிய மைல்களை நடந்து பார்க்க வேண்டும். தளர்ந்த ஆப்பை அடித்து இறுக்க வேண்டும். இரவு மழையில் சரிந்த மண்ணை வாரித் தள்ள வேண்டும். சிலிப்பர் கட்டைக்கு அடியில் சல்லியைக் குத்தித் திணித்துத் தண்டவாளத்தின் மட்டம் பார்க்க வேண்டும். அடுத்த ரயிலில் வருகிற நூற்றுக்கணக்கான உயிர்கள் அந்த ஆப்பை நம்பித்தான் வருகின்றன. ஆனால் ஆப்பை அடிக்கிறவரின் சம்பளம் நாளுக்கு நாள் எழுதப்படுவது. நாளை எழுதப்படாமலும் போகலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ரயில் வேறொரு விதத்திலும் நெருக்கமானது. 1914இல் தலைமன்னார்ப் பாதை திறந்தபின், தனுஷ்கோடியிலிருந்து கப்பலில் கடல் தாண்டி, ரயிலேறி, மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அதே ரயில் ஒரு நாள் தங்களைத் திரும்பவும் கடற்கரைக்கே கொண்டுபோய் விடும் என்ற அச்சம் பல தலைமுறைகளின் நெஞ்சில் இருந்தது. 1939இல் அந்த அச்சத்துக்கு ஓர் அரசாணை உருவம் கொடுத்தது.

1939: தாமாகப் போகிறார்கள் என்று சொல்லி

கொழும்பில் தொழிற்சங்க இயக்கம் வேர்விட்டதில் ரயில்வேக்குப் பெரிய பங்கு உண்டு. 1912இல் ரயில்வே வேலைத்தலத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1923இன் பொது வேலைநிறுத்தமும் ரயில்வேயிலிருந்தே தொடங்கியது. அப்போது சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் ஒரே கூட்டத்தில் நின்றார்கள். ஏ. ஈ. குணசிங்க அவர்களுக்குத் தலைவராக இருந்தார். 1930களின் பொருளாதார மந்தம் அந்த ஒற்றுமையைக் கரைத்தது. வேலை குறைந்த ஊரில் ‘வந்தவன்’ மீது பழி விழுந்தது. முன்பு எல்லோரையும் சேர்த்து நடத்திய குணசிங்கவே மலையாளிகளுக்கும் இந்தியத் தொழிலாளருக்கும் எதிரான குரலாக மாறினார்.

இந்தச் சூழலில் அரசாங்க சபையின் அமைச்சர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர்களில் போக்குவரத்து, பொதுவேலைகள் அமைச்சராக இருந்தவர் ஜோன் கொத்தலாவல. முடிவு இதுதான்: அரச திணைக்களங்களில் நாட்கூலிகளாக இருந்த இந்தியர்களில், 1934 மார்ச் 31க்குப் பிறகு சேர்ந்தவர்களை நிறுத்திவிடுவது. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பயணச் செலவும் ஓர் ஊக்கத்தொகையும் கொடுத்துத் ‘தாமாக’ ஊருக்குப் போக வைப்பது. இந்திய நாட்கூலிகள் இருந்த முக்கியமான திணைக்களங்களில் ரயில்வேயும் ஒன்று.

இந்த ஆணை தொழிலாளியின் வேலையைப் பார்க்கவில்லை. அவர் சோம்பேறியா, களவு செய்தாரா, மேலதிகாரியை மதிக்கவில்லையா என்ற எதையும் கேட்கவில்லை. சேர்ந்த தேதியையும் பிறந்த இடத்தையும் மட்டுமே பார்த்தது. 1934 மார்ச் மாதம் வேலைக்கு வந்தவருக்குப் பயணச் செலவும் ஊக்கத்தொகையும் உண்டு. ஏப்ரலில் வந்தவருக்கு வேலையே இல்லை. ஒரே கேங்கில் ஒரே தண்டவாளத்தைத் தூக்கிய இருவருக்கு நடுவே ஒரு நாட்காட்டித் தாள் கோடு கிழித்தது.

தொழிலாளர்கள் இந்தியாவைப் பார்த்தார்கள். இந்திய தேசிய காங்கிரஸ் ஜவாஹர்லால் நேருவை அனுப்பியது. 1939 ஜூலையில் வந்த நேரு அமைச்சர்களுடன் பேசினார்; சில சிறு சலுகைகளுக்கு மேல் எதையும் பெற முடியவில்லை. திரும்பிப் போகுமுன், இலங்கையில் இருந்த இந்தியர்கள் பல சங்கங்களாகப் பிரிந்து கிடப்பதைச் சுட்டி, ஒன்றாகச் சேரும்படி வற்புறுத்தினார். 1939 ஜூலை 25இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. ஆகஸ்டு 1இல் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடைசெய்தது.

அந்தக் காங்கிரஸின் தொழிற்சங்கமே 1950 முதல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற பெயரில் மலையகத்தின் மிகப் பெரிய சங்கமாக வளர்ந்தது. தோட்டத்துத் தொழிலாளியின் சங்கமாகவே நாம் அதை அறிவோம். அதன் பிறப்புச் சான்றிதழில் இருப்பதோ அரச திணைக்களங்களின் நாட்கூலிகளுடைய வேலைநீக்கம். ரயில்வேயில் ஒரு தமிழனின் பேர் வெட்டப்பட்டால் அது லயத்துக்கும் வந்து சேரும் என்று 1939இன் மக்கள் உணர்ந்திருந்தார்கள். அடுத்த ஆண்டே அது உறுதிப்பட்டது. 1940 ஜனவரி 10இல் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில், சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். தோட்டங்கள் கொதித்தெழுந்தன.

நியாயசபையின் வாசல்

1947இல் அரச எழுதுவினைஞர்களும் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் 5இல் பொலிஸ் சுட்டதில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் இறந்தார். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பலர் வேலையிழந்தார்கள். அவர்களில் ஒருவர் அரச எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவர் டி. பி. இலங்கரத்ன. ஒன்பது ஆண்டுகள் கழித்து, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசில் அவரே தொழில் அமைச்சர் ஆனார். அவருடைய காலத்தில், 1957ஆம் ஆண்டின் 62ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் புதிய பிரிவுகளைச் சேர்த்துத் தொழில் நியாயசபைகளை உருவாக்கியது.

மலையகத் தொழிலாளியின் வாழ்க்கையில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைச் சட்டம் படிக்காதவர்களும் புரிந்துகொள்வார்கள். பற்றுச்சீட்டு வாங்கிய தொழிலாளி, தானோ தன் சங்கத்தின் மூலமோ நியாயசபைக்கு விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லாவிட்டால் சங்கப் பிரதிநிதியே பேசலாம். வேலையிலிருந்து நீக்கியதைத் தோட்டம் ஒப்புக்கொண்டால், ஏன் நீக்கினோம் என்பதைத் தோட்டந்தான் முதலில் நிறுவ வேண்டும். நியாயசபை ஒப்பந்தத்தின் எழுத்தோடு நின்றுவிடாமல், எது நீதியும் ஒப்புரவுமானது என்று பார்த்துக் கட்டளை இடும். திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லலாம். நட்டஈடு கொடுக்கச் சொல்லலாம். துரை சாட்சிக் கூண்டில் ஏறி, செக்ரோலைக் காட்டி, குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னார். 1889இன் சட்டத்தில் நினைத்தும் பார்க்க முடியாத காட்சி இது.

ஆனால் அதே சட்டத்தின் 49ஆம் பிரிவு வேறொன்றைச் சொல்கிறது. அரசாங்கம் முதலாளியாக இருக்கும் இடத்தில் இந்தச் சட்டம் செல்லாது. அரசாங்கத்தின் தொழிலாளிக்கும் செல்லாது. அரச சேவையிலிருந்து துரத்தப்பட்ட ஒருவர் அமைச்சராக இருந்த காலத்தில் திறந்த வாசல், அரச சேவையில் இருந்தவர்களுக்கு அடைபட்டே இருந்தது. 1971இன் 45ஆம் இலக்கச் சட்டம், ஒழுங்கு நடவடிக்கை அல்லாத காரணங்களுக்காகத் தொழிலாளியை நிறுத்த விரும்பும் தனியார் முதலாளியைத் தொழில் ஆணையாளரின் அனுமதி பெற வைத்தது. அதுவும் அரசாங்கத்தைத் தொடவில்லை.

இதன் விளைவு நானுஓயாவிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ பார்த்தால் தெளிவாகத் தெரியும். பாதைக்கு மேலே தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும் பெண் நீக்கப்பட்டால் நியாயசபைக்குப் போகலாம். அதே மலையின் அடியில் தண்டவாளத்தில் வேலை செய்யும் ரயில்வே ஊழியருக்கு அந்த வழி இல்லை. அவருக்கு உள்ளவை திணைக்கள மேன்முறையீடு, அரசாங்க சேவை ஆணைக்குழு, 2002இன் சட்டத்தால் வந்த நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை, மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை, ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஆகியவை. இவற்றில் பெரும்பாலானவை கொழும்புக்குப் போகச் சொல்கின்றன. நீதிமன்றப் படி ஏறினால் வழக்கறிஞர் கட்டணமும் சேர்கிறது. சம்பளம் நின்றுபோன ஒருவருக்கு ஒரு மாதம் என்பது கடன்காரருக்குப் பதில் சொல்லவே போதாது.

1980: தாமே விலகினார்கள் என்று சொல்லி

1978இன் அரசியலமைப்பு, அரச ஊழியரின் நியமனத்தையும் நீக்கத்தையும் அமைச்சரவையின் கையில் வைத்தது. ஊழியர் அரசின் விருப்பம் உள்ளவரை பதவி வகிப்பவர். இந்தப் பின்னணியில் விலைவாசி ஏறியது. திறந்த பொருளாதாரம் உணவு மானியத்தைக் குறைத்தது. கூட்டுத் தொழிற்சங்க நடவடிக்கைக் குழு மாதம் 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டது. 1980 ஜூன் 5இல் கொழும்பில் நடந்த ஆர்ப்பாட்டத்தின் மீது அரச ஆதரவுக் கும்பல் தாக்கியது. டி. சோமபால என்ற தொழிலாளி அந்தத் தாக்குதலில் உயிரிழந்தார்.

ஜூலையில் இரத்மலானை ரயில்வே வேலைத்தலத்தில் வேலைநிறுத்தம் தொடங்கி, மற்றத் துறைகளுக்கும் பரவியது. ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசு அவசரகால விதிகளின் கீழ் அத்தியாவசிய சேவைகளை அறிவித்தது. குறித்த நாளுக்குள் வேலைக்கு வராதவர்கள் பதவியை விட்டு விலகியவர்களாகக் கருதப்படுவார்கள் என்றது. 40,000க்கு மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். ரயில்வேத் தொழிலாளர்கள், எழுதுவினைஞர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் என்று பல குடும்பங்கள் ஒரே வாரத்தில் வருமானத்தை இழந்தன. அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் படிப்படியாகத் திரும்ப எடுக்கப்பட்டார்கள். பலருக்கு அந்த வாய்ப்பு வரும்போது வயது போயிருந்தது. ‘80 ஜூலைக்காரர்’ என்ற அடையாளத்தோடு அவர்கள் பல பத்தாண்டுகள் மனுக்களோடு அலைந்தார்கள்.

“விலகியவராகக் கருதப்படுவார்” என்ற சொற்றொடரைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். அரசு ஊழியரை நீக்கினால், அரச சேவைக்கான தாபன விதிக்கோவையின்படி குற்றப் பத்திரம் கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை அதிகாரியை நியமிக்க வேண்டும், சாட்சிகளை அழைக்க வேண்டும். ஊழியர் தாமே விலகிவிட்டார் என்று வைத்துக்கொண்டால் இவற்றில் ஒன்றும் தேவையில்லை. பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போதும். சொந்த விருப்பத்துக்கு வராமல் நின்றவரையும், சம்பளம் கேட்டுக் கூட்டமாக நின்றவரையும், பஸ் ஓடாததால் வர முடியாதவரையும் அந்தக் கடிதம் ஒரே தட்டில் வைக்கிறது. வேலைநிறுத்தம் செய்கிறவர் வேலையை விடவில்லை. அந்த வேலையில் இருந்துகொண்டு வாழ வழி கேட்கிறார். தன் வேலைமீது அவர் கொண்ட உரிமையின் வெளிப்பாட்டையே அந்த வேலையைத் துறந்ததற்குச் சாட்சியாக்குவது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

1939இல் ‘தாமாக’ ஊர் திரும்புதல். 1980இல் ‘தாமே’ விலகுதல். இரண்டு அரசுகளும் தங்கள் கையால் செய்ததைத் தொழிலாளியின் கையால் செய்ததாக எழுதின.

அன்று மலையகம் எங்கே நின்றது? இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978 முதல் அமைச்சரவையில் இருந்தார். காங்கிரஸ் அந்த வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. இதைக் கோபத்தோடு மட்டும் பார்ப்பது எளிது. அன்றைய மலையகத்தின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்களில் பெருந்தொகையினர் 1964, 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களுக்குப் பிறகும் காத்திருந்தார்கள். தமிழருக்கு எதிரான 1977 ஆகஸ்டு வன்முறை தோட்டங்களையும் தாக்கியிருந்தது. அமைச்சரவையில் ஓர் ஆசனம் என்பது அவர்களுக்குக் கவசமாகத் தெரிந்தது. அந்த ஆசனத்தை வைத்தபடியே 1984 ஏப்ரலில் தொண்டமான் தோட்ட வேலைநிறுத்தத்தை நடத்தி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் பெற்றதையும் மறக்கக் கூடாது.

ஆயினும் 1980இல் இழந்ததும் சிறியதன்று. அரச திணைக்களத்து வேலைநீக்கத்தின் பிள்ளையாகப் பிறந்த ஓர் அமைப்பு, நாட்டின் மிகப் பெரிய அரச வேலைநீக்கத்தின்போது அதைச் செய்த அரசில் இருந்தது. குடியுரிமை இல்லாததால் அரச வேலைக்கே போக முடியாதபடி மலையக மக்கள் பல பத்தாண்டுகள் தள்ளிவைக்கப்பட்டிருந்தார்கள். அதனால் இரத்மலானைத் தொழிலாளியின் துயரம் அவர்களுக்கு அயல்வீட்டுத் துயரமாகிவிட்டது. 1939இன் ஆணை ரயில்வேயிலிருந்து இந்தியத் தொழிலாளரை அகற்றியதோடு நிற்கவில்லை. ரயில்வேத் தொழிலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் நடுவே இருந்த உறவையும் அகற்றியது. 1980 அதன் அறுவடை.

ஒரு பியூனின் வழக்கு

இந்தியாவில் இதே கேள்வி ஒரு பியூனின் பெயரில் நீதிமன்றம் ஏறியது. வடகிழக்கு எல்லை ரயில்வேயில் வேலை பார்த்த மோதிராம் தேக்காவை, முன்னறிவித்தல் கொடுத்து, காரணம் சொல்லாமல் நிர்வாகம் நிறுத்தியது. நிரந்தர ஊழியரையும் அப்படி நிறுத்த ரயில்வே விதி 148(3) இடம் கொடுத்தது. 1963 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட ஆயம் பெரும்பான்மையாக அந்த விதியைச் செல்லாததாக்கியது. நிரந்தர ஊழியரின் வேலையைப் பறிப்பது பதவி நீக்கமே. எந்தப் பெயரில் அழைத்தாலும் அரசியலமைப்பின் 311ஆம் உறுப்புரை கேட்கும் விசாரணை வேண்டும் என்பது அதன் சாரம். பெயரை மாற்றிப் பொருளை மறைக்கும் தந்திரத்துக்கு அந்தத் தீர்ப்பு நேரடியான பதில்.

அங்கேயும் அது முழுப் பாதுகாப்பு ஆகிவிடவில்லை. 1974 மே மாதம் சுமார் 17 லட்சம் ரயில்வே ஊழியர்கள் இருபது நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஆயிரக்கணக்கானோர் நீக்கப்பட்டார்கள். 1977இல் ஆட்சி மாறியபின்னரே திரும்ப எடுக்கப்பட்டார்கள். 1985இல் துளசிராம் பட்டேல் வழக்கில், விசாரணை நடத்துவது நடைமுறையில் இயலாதபோது அதைத் தவிர்க்கலாம் என்ற விதிவிலக்கை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனாலும் ஒரு வேறுபாடு தங்கிவிட்டது. விசாரணையைத் தவிர்க்கும் அதிகாரி தம் காரணத்தை எழுதியாக வேண்டும். இலங்கையில் ‘விலகியவராகக் கருதும்’ கடிதத்துக்கு அந்தச் சுமைகூட இல்லை.

உலகத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 158ஆம் இலக்கச் சாசனம் (1982), தகுந்த காரணம் இல்லாமலும் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு அளிக்காமலும் யாரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. இலங்கையும் இந்தியாவும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

இன்றைய கேள்வி

இது பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 ஜூலையில் புகையிரத நிலைய அதிபர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும், குறித்த நேரத்துக்குள் திரும்பாதவர்கள் பதவியை விட்டு விலகியவர்களாகக் கருதப்படுவார்கள் என்றே திணைக்களம் அறிவித்தது. பயணிகள் பட்ட துன்பம் உண்மையானது. நோயாளியும் பரீட்சைக்குப் போகும் மாணவரும் மேடையில் காத்து நின்றார்கள். அதற்குப் பொறுப்பு யாருடையது என்று கேட்க அரசுக்கு உரிமை உண்டு. கேட்டுவிட்டுத் தண்டிக்கட்டும். கேட்காமல் தண்டிக்கும் வழியைத்தான் மூட வேண்டும்.

அதற்கு மூன்று காரியங்கள் தேவை. அரச ஊழியரை, குறிப்பாக நாட்கூலிகளையும் தற்காலிக ஊழியர்களையும், 49ஆம் பிரிவின் வெளியே தொடர்ந்து நிறுத்தி வைக்கலாமா என்று நாடாளுமன்றம் மறுபடி ஆராய வேண்டும். வேலைநிறுத்தக் காலத்தில் ‘விலகியவராகக் கருதும்’ விதியைப் பயன்படுத்துவதைத் தடைசெய்து, ஒவ்வொருவருக்கும் குற்றச்சாட்டும் விளக்கமும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இவற்றோடு மலையகச் சங்கங்கள் தங்கள் பிறப்பை நினைவுகூர வேண்டும். நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 2003இன் சட்டத்துக்குப் பிறகு, தோட்டத்துப் பிள்ளைகள் ரயில்வேக்கும் தபாலுக்கும் பிரதேச சபைக்கும் வேலைக்குப் போகிறார்கள். லயத்தில் ஒரே கூரையின் கீழ் இன்று கொழுந்து எடுக்கும் ஒரு தாய் நியாயசபைக்குப் போகக் கூடியவர். அவருடைய மகன் போக முடியாதவர்.

அந்த மகனுக்கும் ஒரு நாள் பதிவுத் தபால் வரலாம். அதில் அவர் என்ன செய்தார் என்று எழுதியிருக்க வேண்டும். பதில் சொல்ல ஒரு நாள் குறித்திருக்க வேண்டும். பேர் வெட்டுகிற கைக்கு, ஏன் வெட்டினாய் என்று கேட்கும் ஓர் இடம் அவருடைய ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவருடைய தாய்க்கு 1957 முதல் உள்ள உரிமைக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.